எடை போடாத மீன்கள்

ராய்ஸ் லெட்லோ வீட்டுப் புல்வெளியைப் பார்த்தாலே ஹார்லன் ஸ்பீகிளுக்கு வயிறு எரியும். இரண்டு வீடும் ஒரே தெருவில், நடுவே ஒரு கம்பிவேலிதான். ஒரே மழை, ஒரே வெயில், ஒரே கடையில் வாங்கிய உரம். ஆனால் ராய்ஸின் புல் பச்சைப்பசேல் என்று நிற்கும், ஹார்லனின் புல் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் தலைமுடி மாதிரி திட்டுத்திட்டாக முளைக்கும். ராய்ஸின் நாய் ராய்ஸ் கூப்பிட்டால் வரும். ஹார்லனின் நாயும் ராய்ஸ் கூப்பிட்டால்தான் வரும்! இதையெல்லாம் ஒரு மனிதன் எத்தனை வருஷம் பொறுத்துக்கொள்வான், நீங்களே சொல்லுங்கள்.

அதற்காக ஹார்லனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைத்துவிடக் கூடாது. வடக்கு அலபாமாவின் அந்த வட்டாரத்தில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகள் தினமும் காலையில் மக்கர் பண்ணாமல் கிளம்புகின்றன என்றால் அதற்கு அவன்தான் காரணம். பேருந்துப் பணிமனையில் அவன் வைத்ததுதான் சட்டம். மனைவி நெல்டா பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், நல்லவள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஞாயிறு தவறாமல் பாப்டிஸ்ட் சர்ச்சுக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்காருகிற குடும்பம். நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய ஆள். ஆனால் அவனுக்கு மீன்பிடிப் பைத்தியம் இருந்தது, பக்கத்து வீட்டில் ராய்ஸ் இருந்தான்.

மில்சாப் ஏரியில் பாஸ் என்கிற மீனைப் பிடிக்கிறவர்களுக்கு ஒரு கிளப் உண்டு. வசந்தகாலத்தில் தொடங்கி மாதம் ஒரு போட்டி, அக்டோபரில் இறுதிப் போட்டி. ஆளுக்கொரு படகு, ஆளுக்கு ஐந்து மீன், எல்லாம் பாஸ் மீனாக இருக்க வேண்டும், உயிரோடு கொண்டுவர வேண்டும். ஐந்தும் சேர்ந்து யாருடையது கனம் அதிகமோ அவன் ஜெயித்தான். எடை போட்டதும் மீன்களைத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். இறுதிப் போட்டியில் ஜெயித்தவன் பெயரைப் படகுத்துறை தூண்டில் கடையில், கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் மரப்பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதுவார்கள். அந்தப் பலகையில் ராய்ஸ் லெட்லோ, ராய்ஸ் லெட்லோ, யாரோ ஒருவன், மறுபடி ராய்ஸ் லெட்லோ என்று போகும். இரண்டாவதாக வந்தவன் பெயரைப் பலகையில் எழுதுகிற வழக்கம் இல்லை. ஹார்லன் இரண்டாவதாக வந்த தடவைகளை எழுதியிருந்தால் இன்னொரு பலகை வேண்டியிருந்திருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், உழைப்பதெல்லாம் ஹார்லன். போட்டிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரின் சூடு பார்ப்பான், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பான், அணைக்கட்டின் தொலைபேசிச் செய்தியைத் தினமும் கேட்பான். ராய்ஸ் டயர் கடையிலிருந்து நேராக வருவான். "இன்னிக்குத் தண்ணி எப்படிப்பா இருக்கு?" என்று நாலு பேரிடம் கேட்பான். தூண்டிலை எங்கேயோ வீசுவான். அந்த எங்கேயோவில் ஒரு மீன் அவனுக்காகவே பிறந்து வளர்ந்து காத்துக்கொண்டிருக்கும்.

"ராய்ஸ் தும்மினாக்கூட உனக்குக் காதுல புகை வருது" என்பாள் நெல்டா.

"நான் என்ன சொன்னேன் இப்போ?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். மூஞ்சியே சொல்லுதே."

ஹார்லனுக்குக் கோப்பை வேண்டாம், பணம் வேண்டாம். ஒரே ஒரு தடவை தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். முதலில் ராய்ஸின் பை ஏற வேண்டும், அந்த எண்ணை ஊரே பார்க்க வேண்டும், பிறகு தன் பை ஏறி அதைவிடப் பெரிய எண் காட்ட வேண்டும். ராய்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை. பாவம், பெரிய ஆசையா இது?

அந்த வருஷ இறுதிப் போட்டிக்கு முந்தின மூன்று நாளும் மேல்பக்கத்து மலைகளில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. மேல் பாதியில் செம்மண் கரைந்து தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது, கீழ்ப் பாதி இன்னும் தெளிவு. கரையோரப் புதர்களெல்லாம் இடுப்பளவு முழுகி நின்றன. விடிவதற்கு முன்னே ஹார்லன் அணைக்குப் போன் போட்டுக் கேட்டான். மதியம் ஷட்டர் திறக்கப் போகிறார்கள், தண்ணீர் வேகமாக இறங்கும் என்றது செய்தி. முதல் நாள் கேட்டபோது போட்டி முடிந்து மறுநாள்தான் திறப்பு என்றிருந்தது. அவனுக்கு உள்ளங்கை அரித்தது. காலையில் மீன் முழுகின புதருக்குள் இருக்கும். தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் பயந்துகொண்டு வெளியே ஓடிவந்து முதல் பள்ளத்தில் கூட்டமாக நிற்கும். அந்தப் பள்ளம் எங்கே என்று அவனுக்குத் தெரியும். அணை கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு சாலை இருந்தது, வான்கோழி ஓடை ஏரியில் சேருகிற வாயில் அது இப்போதும் தண்ணீருக்கடியில் கிடக்கிறது.

படகுத்துறையில் இருட்டு விலகும்போதே கூட்டம். ராய்ஸ் வந்தான், கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"டேய் ஹார்லன், சாசேஜ் வெச்ச பன்னு. சூடா இருக்கு, எடுத்துக்கோ. ஆமா, ஷட்டர் எப்பத் தொறக்கறாங்களாம்? நாளைக்குத்தானே?"

ஹார்லன் பன்னை வாங்கிக் கடித்தான். வாயில் பன் இருந்தது ஒரு வசதி.

"யாருக்குத் தெரியும்" என்றான் மென்றுகொண்டே.

"உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியப்போவுது!" என்று ராய்ஸ் சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அதுதான் ஹார்லனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கிளப் தலைவர் வெண்டல் ஒலிபெருக்கியில் ஜெபம் செய்தார், எல்லாரும் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். "ஆண்டவரே, போற பிள்ளைகள் எல்லாரையும் மூணு மணிக்குள்ள பத்திரமாத் திரும்பக் கொண்டு வாரும்." மூன்று மணிக்கு வராதவன் மீன் தராசில் ஏறாது, அது ஆண்டவருக்கும் தெரியும். பிறகு வரிசை எண்படி படகுகள் சீறிக்கொண்டு கிளம்பின.

காலை நன்றாகவே போயிற்று. வான்கோழி ஓடையின் புதர்களுக்குள் ஹார்லன் ரப்பர் புழுவைத் தூக்கிப் போட்டான், மூன்று நல்ல மீன் கிடைத்தது. படகின் மீன் தொட்டியில் அவை துடிக்கிற சத்தம் காலுக்கடியில் கேட்டது. அப்போதுதான் ராய்ஸின் சிவப்புப் படகு அவனைத் தாண்டிப் போயிற்று. கையை ஆட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் சதுப்புத் தேக்கத்துக்குள் நுழைந்தது. அதன் வாயில் ஒரு மண்திட்டு உண்டு. மற்ற நாளில் நாரை நிற்கிற திட்டு. அன்றைக்கு முழுகிக் கிடந்ததால் படகு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. உள்ளே தண்ணீர் ஒரே செங்குழம்பு. 'அங்கே என்னத்தைப் பிடிக்கப் போகிறான்' என்று ஹார்லன் மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் கேட்டது ஒரு ஊளை. ராய்ஸ்தான். பெரிய மீன் மாட்டினால் அவன் அப்படித்தான் ஊளையிடுவான். ஹார்லன் திரும்பிப் பார்த்தான். தூரத்தில், மரங்களின் இடுக்கு வழியாக, ராய்ஸின் தூண்டில் கோல் வளைந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் மண்டியிட்டான், கைவலையை விட்டான், இரண்டு கையாலும் எதையோ தூக்கினான். அதன் கனத்தில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

அந்தக் குழம்பிலா? அட கடவுளே, அந்தச் சாக்கடையிலா? ஹார்லன் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்குள் அவன் தூண்டிலை ஒரு மீன் கவ்வி, இழுத்து, ருசி பிடிக்காமல் துப்பிவிட்டுப் போயிற்று. தூண்டில் நரம்பு தொளதொளவென்று கிடந்தது. அப்புறம் ஒரு மணி நேரம் அவன் மீன் பிடிக்கவில்லை, ராய்ஸைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் குனிந்தால் இவனுக்கு உதறும். நிமிர்ந்தால் இவனுக்கு எரியும்.

மதியம் ஷட்டர் திறந்தார்கள். புதர்களின் அடியில் ஈரக்கோடு தெரிய ஆரம்பித்தது, ஓடையின் தண்ணீர் வெளியே நழுவியது. ஹார்லன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் தன்னைத்தானே உலுக்கிக்கொண்டு, முழுகின சாலையின் விளிம்புக்குப் படகைக் கொண்டுபோனான். அதன்பிறகு நடந்ததை அவன் சாகும்வரை மறக்கமாட்டான். வீசினான், மீன் அடித்தது. மறுபடி வீசினான், மறுபடி அடித்தது. ஐந்தாவது மீன் வந்தது, அதன்பின் சின்னதை விட்டுப் பெரியதை வைத்தான், அதையும் விட்டு அதைவிடப் பெரியதை வைத்தான். கட்டைவிரல் முழுக்க மீன் பல் கீறி ரத்தம். பதினேழு பவுண்டுக்குக் குறையாது என்று கை சொல்லிற்று. சந்தோஷத்தில் கத்தலாம் போல இருந்தது. ஆனால் உடனே இன்னொரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ராய்ஸிடம் எவ்வளவு இருக்கிறதோ?

திரும்பும்போது சதுப்பின் வாயைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது பார்த்தான். மண்திட்டு முதுகைக் காட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டிருந்தது. அதன்மேல் ராய்ஸின் சிவப்புப் படகு ஒருக்களித்துக் கிடந்தது. ராய்ஸ் முழங்கால் சேற்றில் நின்று தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹார்லனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். விசில் அடித்தான்.

இந்த மாதிரி நேரத்துக்கு அந்த ஏரியில் ஒரு பழக்கம் உண்டு. படகு நின்றுபோனவன் தன் மீனை அடுத்தவன் படகின் இன்னொரு தொட்டியில் போட்டுக்கொண்டு, அவனோடேயே வந்து எடை போடலாம். விதியும் அனுமதிக்கிறது, யாரும் மறுத்ததும் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் ஹார்லனின் எஞ்சின் புகைந்தபோது ராய்ஸ்தான் ஏற்றிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் பாட்டு வேறு பாடினான். வந்து எடை போட்டு, அரை பவுண்டில் ஹார்லனைத் தோற்கடித்தான்.

நேரம் இருந்தது. இறங்கி, மீனை மாற்றி, நிதானமாகப் போனாலும் மூன்று மணிக்குள் போய்விடலாம். ஹார்லனின் கை தானாகவே எஞ்சின் வேகத்தைக் குறைத்தது. அப்புறம் அந்தக் கைவலையும், சாய்ந்த படகும், அந்த ஊளையும் ஞாபகம் வந்தது. அவன் மீனை என் படகிலேயே ஏற்றிக்கொண்டு போய் நானே தோற்க வேண்டுமா? இன்னொரு தடவையா? ஹார்லன் முகத்தைத் திருப்பி, முன்னாலிருந்த ஆழம் காட்டும் திரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான். வேகத்தைக் கூட்டினான். விசில் சத்தம் எஞ்சின் சத்தத்தில் அமுங்கிப்போனது.

தராசு பதினேழே கால் பவுண்டு காட்டியது. அடுத்தவனுக்குப் பன்னிரண்டுகூட வரவில்லை. வெண்டல் ஒலிபெருக்கியில் ராய்ஸின் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார். கூட்டம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மணி ஆயிற்று. ஹார்லன் ஜெயித்துவிட்டான்.

ஜெயித்தவனைப் பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்காரவைப்பது எல்லாப் பெரிய போட்டியிலும் வழக்கம். மீன்காரர்களை யார் நம்புவார்கள்? தூண்டில் கடையின் பின்னறையில், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் பூன் அவன் மார்பிலும் விரலிலும் கம்பியைச் சுற்றினார்.

"இந்த அஞ்சு மீனும் நீங்களே, இன்னிக்கே, இந்த ஏரியிலேயே பிடிச்சதா மிஸ்டர் ஸ்பீகிள்?"

"ஆமா."

"விதி எதையாவது மீறினீங்களா?"

"இல்ல."

எல்லாம் உண்மை. மெஷினின் ஊசி ஒழுங்காக ஓடியது. பூன் கம்பியைக் கழற்றிக்கொண்டே அவன் சட்டையைப் பார்த்தார். "யோக்கியமான மனுஷனுக்கு ஏன்யா இப்படி வேர்க்குது?" என்றார்.

அவன் கோப்பையை வாங்கிய நேரம் பார்த்து வெளியே ஒரே கூச்சல். யாரோ இரண்டு பேர் தங்கள் படகில் ராய்ஸை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தொடை வரைக்கும் சேறு. கூட்டம் முழுக்க அவனிடம் ஓடிற்று. கோப்பையோடு நின்றவனிடம் ஒரே ஒரு ஆள் மிச்சம், அதுவும் நெல்டா.

"ஜெயிச்சது யாரு? ஹார்லனா? எவ்வளவு? பதினேழா! கொடுறா கையை!" ராய்ஸ் சேற்றுக் கையால் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"உங்கிட்ட எவ்வளவு இருந்துச்சு ராய்ஸ்?" என்று எவனோ கேட்டான்.

"மூணு இருந்துச்சு. எல்லாம் சின்னது. தண்ணியில விட்டுட்டேன்."

கூட்டம் சிரித்தது. "சும்மா சொல்லாதடா! நீ போட்ட ஊளை எங்க ஓடை வரைக்கும் கேட்டுச்சு."

"அட, அது கெளுத்திப்பா. இம்மாம் பெரிய கெளுத்தி. கெளுத்தி பாஸ் ஆகுமா, அதை எடை போடவா முடியும்?"

"பாரு பாரு, ஹார்லன் மனசு நோகக்கூடாதுன்னு என்னமாப் பேசறான்" என்றார் வெண்டல், கண் கலங்காத குறையாக.

ஹார்லனும் நம்பவில்லை. மறுநாள் சர்ச் முடிந்து, கார்கள் நிற்கிற இடத்தில் ராய்ஸை ஓரமாகக் கூப்பிட்டான். தொப்பியை ஆட்டிக் கூப்பிட்ட விஷயத்தை ராய்ஸ் எடுப்பானோ என்று பயந்தான். அவன் எடுக்கவேயில்லை.

"உண்மையைச் சொல்லு. எவ்வளவு இருந்துச்சு?"

"எத்தனை தடவைடா சொல்றது? மூணு குஞ்சு மீன். மூணும் சேந்து அஞ்சு பவுண்டுகூட வராது. செந்தண்ணி நாசம் பண்ணிருச்சு. நான் மட்டும் அங்க வந்து சேந்திருந்தேன்னு வை, நீ என்னைத் தராசுல வெச்சே நசுக்கியிருப்ப! என் கூட்டாளி ஜெயிக்கறத நின்னு பாக்கலாம்னு இருந்தேன், குடுத்து வைக்கல."

ராய்ஸிடம் ஆயிரம் குறை கண்டுபிடித்து வைத்திருந்தான் ஹார்லன். பொய் சொல்கிற குறை மட்டும் அகப்பட்டதே இல்லை. அவன் சொல்வது உண்மை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐந்துக்குப் பதினேழு! எத்தனை வருஷத்து ஆசை, ஊரே பார்க்க, ராய்ஸ் பார்க்க, தராசில் ஏறி நிற்க வேண்டியது. பத்து நிமிஷம் படகை நிறுத்தியிருந்தால் போதும். அவனே அதைத் தன் கையால் கெடுத்துக்கொண்டான்.

பலகையில் ஹார்லன் ஸ்பீகிள் என்று எழுதினார்கள். எழுதியது என்னவோ நிஜம். ஆனால் கடைக்கு வேகவைத்த நிலக்கடலை வாங்க வருகிறவன்கூட அந்தப் பெயரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அன்னிக்கு ராய்ஸ் மட்டும் மாட்டாம இருந்திருந்தா..." என்று இழுப்பான். ராய்ஸின் மீன்கள் கடையில் வாரத்துக்கு வாரம் வளர்ந்தன. முதலில் இருபது பவுண்டு என்றார்கள். நவம்பர் கடைசியில் வான்கோழி விருந்துப் பண்டிகை வருவதற்குள் இருபத்தைந்து ஆகிவிட்டது. ராய்ஸ் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவனுடைய பெருந்தன்மையும் கூடவே வளர்ந்தது.

ஒரு சனிக்கிழமை கடையில் ஹார்லன் காபி குடித்துக்கொண்டிருந்தான். ராய்ஸும் அங்கேதான், டயர் கடைச் சட்டையோடு கடலை உரித்துக்கொண்டிருந்தான். வெண்டல் யாரோ ஒரு வெளியூர்க்காரனுக்கு அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னார். இருபத்தேழு பவுண்டு வந்ததும் ஹார்லனுக்குத் தாங்கவில்லை.

"மூணே மீன்! அதுவும் குஞ்சு! அஞ்சு பவுண்டுகூடத் தேறாது!" என்று கத்தினான். காபி சிந்திற்று.

எல்லாரும் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"வெக்கமா இல்லையா ஹார்லன்?" என்றார் வெண்டல். "கோப்பையும் உனக்கு, பலகையும் உனக்கு. இன்னும் என்னய்யா பொறாமை உனக்கு?"

"பொறாமை இல்ல, உண்மை! இவன் தொட்டியில மூணுதான் இருந்துச்சு!"

"உனக்கெப்படித் தெரியும்? நீ பக்கத்துல போய்ப் பாத்தியா?"

ஹார்லன் மாட்டிக்கொண்டான். பார்த்தேன் என்று சொல்ல முடியாது, பார்த்தவன் ஏன் ஏற்றிக்கொண்டு வரவில்லை என்பார்கள். ராய்ஸே சொன்னான் என்றால் சிரிப்பார்கள். வெண்டல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கண் மெல்லச் சுருங்கியது.

"இரு இரு. நீ அன்னிக்கு வான்கோழி ஓடையிலதானே இருந்த? திரும்பி வரணும்னா சதுப்பு வாயைத் தாண்டித்தானே..."

"அவன் எங்க அந்தப் பக்கம் வந்தான்?" என்றான் ராய்ஸ், கடலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. "நான் மதியத்துலேருந்து அங்கேயேதான நின்னுக்கிட்டிருந்தேன். என்னை இழுத்துக்கிட்டு வந்தவங்க வர்ற வரைக்கும் ஒரு படகுகூடத் தாண்டல. அவன் எப்பவோ போயிருப்பான், நீ சும்மா இரு வெண்டல்."

வெண்டல் தலையை ஆட்டிவிட்டுத் தன் கதைக்குத் திரும்பினார். வெளியூர்க்காரன் ராய்ஸின் தோளைத் தட்டினான். யாரோ ராய்ஸுக்கு இன்னொரு காபி ஊற்றிக் கொடுத்தார்கள். ஹார்லன் சிந்தின காபியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டான். பிறந்ததிலிருந்து பொய்யே சொல்லாதவன் எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டானே என்று நெஞ்சு அடைத்தது. கூடவே, நாசமாய்ப் போனவன், இதிலும் என்னைத் தாண்டிப் போய்விட்டான் என்று வயிறு எரிந்தது.